அட்டைப் படத்து டிபன் கேரியர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையைப் பார்த்துவிட்டு, அச்சகத்தில் ஏதோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். மாலை போட்ட போட்டோ இல்லை, விளக்குப் படம் இல்லை. அப்பாவின் போட்டோ உள்ளே இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அட்டையில் இருப்பது ஒரு டிபன் கேரியர். பென்சிலால் வரைந்தது. அச்சகத்துத் தம்பியே தயங்கினார். “அக்கா, பாத்திரக்கட நோட்டீசு மாதிரில்லா இருக்கு. வீட்டுல எல்லார்ட்டயும் கேட்டுக்கிட்டீகளா?” என்றார். “கேட்டாச்சு, போடுங்க” என்றேன். உண்மையில் யாரிடமும் கேட்கவில்லை. மூத்த மகள் என்ற உரிமையில் நானே எடுத்த முடிவு. திட்டுவதாக இருந்தால் என்னைத்தான் திட்ட வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். மூன்றடுக்குக் கேரியர். அடிக்கிண்ணம் மற்ற இரண்டையும்விட ஒரு விரல் உயரம் கூடுதல், சோற்றுக்கு. ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்புக்கும் இரட்டைக் கோடு. இடது பக்கம் வெள்ளையாக விட்டுவிட்டு, வலது பக்கம் போகப்போகப் பென்சிலை அழுத்தித் தேய்த்திருக்கிறார் அப்பா. அவர் படுத்திருந்த கட்டிலுக்கு இடது பக்கம்தான் ஜன்னல். மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு நசுங்கல்கூட இருக்கிறது. கோடுகள் நடுங்குகின்றன, ஏனென்றால் அது இடது கையால் வரைந்தது. ஆனால் கைப்பிடியைப் பக்கத்துச் சட்டத்தோடு மாட்டுகிற கொக்கிக்கு வந்ததும் நடுக்கம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் கோடு கறுப்பாக, ஆழமாக, தாளின் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும்படி இருக்கிறது. கொக்கியின் நுனி மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது. நடுவில் ஒரு குறுக்கு ஆணி. கடையில் வாங்கும் எந்தக் கேரியரிலும் அப்படி ஒரு கொக்கி கிடையாது.

நான் ராஜபாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். படத்தைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எலும்பில் நூல் அளவு விரிசல் இருந்தாலும் டாக்டருக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அப்படிப்பட்டவள் அப்பா வரைந்த படத்தை வீட்டுச் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தும் பார்க்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அப்பாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் எப்படிச் சுற்றினாலும் இந்தக் கேரியரிடம்தான் வந்து நிற்கிறது.

அப்பா பிறந்தது வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் கூலி வேலை என்ற குடும்பம். மூன்று வயதில் தாயை இழந்தார். அவருக்கு ஒரே அக்கா. எங்களுக்கு அத்தை. அப்போது அத்தைக்குப் பன்னிரண்டு வயது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு பொங்கியிருக்கிறார், துணி துவைத்திருக்கிறார், களை எடுத்திருக்கிறார். தம்பி பெரியவனானதும் பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறார். உள்ளே அவர் போனதே இல்லை. அதனால் அத்தைக்கு இன்றுவரை எழுத்து தெரியாது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் கட்டைவிரலைத்தான் வைப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தபோது, “எந்தம்பியும் எங்கூட வருவான். சம்மதம்னா பூ வைங்க” என்றாராம். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவதே அன்றைக்குப் பெரிய விஷயம். பால்கோவாக் கடைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த மாமா சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். அப்படித்தான் அப்பா ஒன்பது வயதில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில், முன்பக்கம் வீடும் பின்பக்கம் மாட்டுக் கொட்டிலுமாக இருந்த அந்த இடத்தில் வளர்ந்தார். மாமாவை அப்பா கடைசிவரை மறந்ததில்லை. மாமா காலமானபோது மொட்டை போட்டுக்கொண்டார்.

தொழிற்பயிற்சி முடித்ததும் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். ஷிப்ட் வேலை என்பதால் மில்லுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தது. ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை விடுவாரா? தினமும் காலையில் சமைத்து, கேரியரில் அடைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். மில் ஸ்டாப்பில் அப்பா வாங்கிக்கொள்வார். மாலையில் காலிக் கேரியர் அதே பஸ்ஸில் திரும்பிப் போகும். அந்த நாளில் அந்த ரூட்டில் அப்படிப் போன கேரியர்கள் நிறைய.

ஒருநாள் கேரியரின் கொக்கி கழன்று, குழம்பு முழுக்க ஒரு கல்யாண வீட்டுக்காரரின் பட்டு வேட்டியில் கொட்டிவிட்டது. கண்டக்டர் இனிமேல் கேரியரே ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பா அந்த வாரம் வேலை முடிந்ததும் உட்கார்ந்து, மில்லில் கேட்டு வாங்கிய ஒரு எஃகுத் துண்டை அரத்தால் ராவி, வளைத்து, குறுக்கு ஆணி அடித்து, புதுக் கொக்கி செய்து மாட்டினார். அமுக்கி மேலே தள்ளினால்தான் திறக்கும். கேரியரைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டிய பிறகுதான் கண்டக்டர் சமாதானமானார். “ஏலே, சோத்துச் சட்டிக்கா இம்புட்டு பூட்டு? உள்ள நகையா வச்சிருக்க?” என்று கேட்டாராம். இந்தக் கதையை அப்பா சொல்லி நாங்கள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறோம். ஒரே ஒருமுறை.

அப்பாவுக்குத் திருமணம் ஆனதும் கேரியருக்கு வேலை இல்லாமல் போனது. அம்மாவின் சமையல் வந்துவிட்டது. கேரியர் அத்தை வீட்டுக்கே திரும்பிப் போனது.

அப்பாவின் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மில்லில் ஒரு பாகம் தேய்ந்துபோனால் ஃபிட்டர் அதைத் தாளில் அசல் அளவிலேயே வரைந்து லேத் பட்டறைக்கு அனுப்புவார். எந்த இடம் முக்கியமோ அங்கே பென்சிலை அழுத்தி, ஓர் அம்புக்குறி போடுவார். அப்பாவின் தாள் வந்தால் மறுபடி ஆள் அனுப்பிக் கேட்க வேண்டியதே இல்லை என்று பட்டறையில் சொல்வார்கள். வீட்டிலும் அவருக்கு அதே பழக்கம்தான். குழாய் வாஷர் வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினால்கூட ஒரு துண்டுத் தாளில் வரைந்து கொடுப்பார். நான் வேறு எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நிற்பேன். “ஏட்டி, அம்பு போட்ட எடத்த மொதல்ல பாருன்னு எத்தன தடவ சொல்லுதது?” என்பார். கோபமாக அல்ல. அவருக்குக் கோபமே வராது. தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடுவார். யாரும் கூப்பிடாவிட்டாலும் போவார் என்று அம்மா கேலி செய்வார்.

ஒவ்வொரு வருடமும் ஆடிப்பூரத் தேருக்கு நாங்கள் எல்லோரும் அத்தை வீட்டில்தான் இருப்போம். அப்பா வடம் பிடித்துவிட்டு வேர்வையோடு வருவார். அத்தை அவரைக் கூடத்தில் உட்காரவைத்து முந்தானையால் விசிறுவார். எங்களைப் பெற்ற தகப்பனார் அந்த வீட்டில் மட்டும் ஒரு சின்னப் பையனைப் போல ஆகிவிடுவதைப் பார்த்து நானும் தம்பியும் சிரிப்போம். திரும்பி வரும்போது சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் அந்தக் கேரியரில்தான் எங்களோடு வரும். எனவே அதை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கையில் தூக்கியே வந்திருக்கிறேன்.

பிறகு நடந்தது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அதை நானே சொல்வதுதான் முறை. எனக்கு இருபத்து நான்கு வயதில் அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டு, பூவும் பழமும் தட்டில் வைத்து வந்தார். அது அவருடைய உரிமை. நான் பிறந்த அன்றே சொல்லிவைத்ததும்கூட. அத்தானிடம் எந்தக் குறையும் இல்லை. எனக்கு விருப்பம் இல்லை, அவ்வளவுதான். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, “எனக்கு இஷ்டமில்ல அத்த” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதை அப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அத்தையைத் தனியாகக் கூப்பிட்டும் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் எனக்கு அது தோன்றவில்லை.

அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. தன் தம்பியைப் பார்த்தார். “நீ என்னலே சொல்லுத?” என்றார்.

அப்பா, “அவ சொன்னதுதான்க்கா” என்றார்.

“அப்ப நான் வளத்ததுக்கு இதுதான். சரி. இனி ஒன் வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன். நீயும் எம் படி ஏறாத.” தட்டை அப்படியே விட்டுவிட்டு அத்தை கிளம்பிவிட்டார். என் கல்யாணத்துக்கு வரவில்லை. என் குழந்தைகளைப் பார்க்கவில்லை. அப்பா இரண்டு முறை போய், கதவு திறக்காமல் திரும்பி வந்தார். அதன்பின் அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் என்னைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அப்பாதான் எடுக்கவிடமாட்டார். ஆடிப்பூரத்துக்கு மட்டும் தனியாக பஸ் ஏறிப்போய் வடம் பிடித்துவிட்டு வருவார். எனக்காக அப்பா தன் அக்காவை விட்டுக்கொடுத்தார். அதை ஒருநாள்கூட என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. இதைவிடப் பெரிய குணம் எதையும் அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. எழுதிக் காட்டுங்கள் என்று சிலேட்டைக் கொடுத்தோம். எழுத்தும் போயிருந்தது. மூளையில் பேச்சும் எழுத்தும் இருக்கிற பக்கத்திலேயே அடி. அந்த ஸ்கேன் படத்தை நானே பார்த்தேன். ஆம், இல்லை என்பதற்குத் தலையாட்டுவார், அதுவும் சில சமயம் மாறிவிடும். அந்த முதல் வாரத்தில் அம்மா என்னிடம் மெதுவாக, “வில்லிபுத்தூருக்குச் சொல்லி விடுவமா?” என்று கேட்டார். “தெரியாமயா இருக்கும்? வரணும்னா வரட்டும்” என்றேன். அம்மா மறுபடி கேட்கவில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் அப்பாவின் இடது கையில் பென்சிலைக் கொடுத்தார். விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று வட்டம் போடச் சொன்னார். அப்பா இரண்டு நாள் வட்டம் போட்டார். மூன்றாம் நாள் வட்டத்தின் மேல் வட்டமாக அடுக்கி, காலண்டர்த் தாளின் பின்பக்கம் ஒரு கேரியரை வரைந்து, அம்மாவிடம் நீட்டினார்.

வீடே கொண்டாடியது. “அவிய பசிக்குதுன்னு சொல்லுதாக” என்று அம்மா ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தார். அப்பா தலையை அசைத்தார். கஞ்சி வேண்டாம், ஆசையாக வேறு ஏதோ கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். இட்லியா, பால்கோவாவா, கோழிச் சாறா என்று வரிசையாகக் கேட்டோம். எல்லாவற்றுக்கும் தலையை அசைத்தார். ஊரில் உள்ள பலகாரம் எல்லாம் கேட்டோம். ஓர் ஆளின் பெயரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது படம் ராணுவத்தில் இருக்கும் என் தம்பி லீவில் வந்திருந்தபோது. “அக்கா, அப்பா மில்லுக்குச் சாப்பாடு கொண்டு போவாகல்லா, மில்லப் பாக்கணும்னு கேக்காக” என்றான். எங்களுக்கும் சரி என்று பட்டது. ஆட்டோவில் தலையணை வைத்து அப்பாவை உட்காரவைத்து மில் வாசலுக்குக் கூட்டிப்போனோம். பழைய ஆட்கள் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கழுத்தைத் திருப்பி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வருகிற பக்கம். வெயிலில் களைத்துவிட்டார் என்று சொல்லித் திரும்பிவிட்டோம்.

மூன்றாவது முறை அவர் முழுக் கேரியரை வரையவில்லை. கொக்கியை மட்டும் பெரிதாக வரைந்து, அதற்கு ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தாளை என் கையில் திணித்து, இடது கையால் அம்புக்குறியைத் தட்டித் தட்டிக் காட்டினார். அந்த ஒரு கணம் எனக்குள் ஏதோ ஓடியது. கூடம், மாட்டுச் சாண வாசனை, சர்க்கரைப் பொங்கலின் சூடு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தால் தெரிந்திருக்கும். நான் நிற்கவில்லை. ஸ்கேன் சென்டரில் ஆள் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த நினைவு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துதான் கிளம்பினேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. “சாயங்காலம் வந்து பாக்கேன்ப்பா” என்றேன். சாயங்காலம் மறந்துவிட்டேன்.

நான்காவது படம்தான் அட்டையில் இருப்பது. ஒன்பது நாள் வரைந்தார். என் மகளின் டிராயிங் நோட்டிலிருந்து கிழித்த நல்ல தாள். முடித்துவிட்டு என்னிடம் நீட்டியபோது நான் நிஜமாகவே அசந்துபோனேன். “எம்புட்டு அழகா வரைஞ்சிருக்கீகப்பா!” என்றேன். நெஞ்சில் வைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்து, ‘அப்பா இடது கையால் வரைந்தது’ என்று ஸ்டேட்டஸ் போட்டேன். உங்களில் பலரும் பார்த்தீர்கள், கைதட்டுகிற படமும் பூப்படமும் அனுப்பினீர்கள். ஒளியும் நிழலும் எவ்வளவு சரியாக விழுந்திருக்கின்றன என்று ஓர் ஓவிய ஆசிரியர்கூட எழுதியிருந்தார். எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டில் மனம் நிறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அதன்பிறகு அவர் பென்சிலைத் தொடவில்லை. பதினைந்து நாளில் போய்விட்டார். ஒரு காலைப் பொழுதில், அம்மா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே.

தகவல் எப்படியோ ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அத்தை வந்தார். யாரோடும் பேசவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அப்பாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். தூக்கும்போது, “என்னைய விட்டுட்டுப் போறியேலே” என்று ஒரே ஒரு தடவை கத்தினார். அப்புறம் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை. துட்டி வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் யார் சாப்பாடு கொண்டுவருவது என்று பேசிக்கொண்டிருந்தோம். முதல் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார். எழுபத்தெட்டு வயதில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையில் கேரியரைத் தூக்கிக்கொண்டு. “அடுப்பு பத்த வைக்க மாட்டீகள்லா. அதான். பிள்ளைகளுக்கு முதல்ல குடுட்டி” என்று என் கையில் கொடுத்தார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அதைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. குனிந்து பார்த்தேன். நுனி மேல்நோக்கிச் சுருண்ட கொக்கி. நடுவில் குறுக்கு ஆணி. மூடியின் ஓரத்தில் நசுங்கல்.

“அமுக்கி மேல தள்ளணும்ட்டி. ஒங்கப்பன் செஞ்சதுல்லா, லேசுல தொறக்காது” என்றார் அத்தை.

எதிர்ச் சுவரில்தான் படம் ஒட்டியிருந்தது. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, முதல் நாளே யாரோ அந்தச் சுவரை மறைத்து நாற்காலிகளை அடுக்கி, மேலே போர்வையைப் போட்டிருந்தார்கள். அத்தை அதைப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டே பேச ஆரம்பித்தார். பதினெட்டு வருடப் பேச்சு.

“எனக்கு எழுத்து தெரியாதுல்லா. அதனால காலிக் கேரியர்ல படம் வரைஞ்சு வச்சு விடுவான். கத்தரிக்கா வரைஞ்சா நாளைக்குக் கத்தரிக்காக் கொழம்பு. குட வரைஞ்சா குடையக் குடுத்து விடணும். சில நாளு கேரியரையே வரைஞ்சு வச்சு விடுவான். அப்படின்னா கண்டக்டர்ட்ட குடுக்காத, நீயே எடுத்துக்கிட்டு வா, ஒன்னையப் பாக்கணும் போல இருக்குன்னு அர்த்தம். அத மட்டும் பாத்துட்டா எனக்கு நிக்க முடியாது. மாடு கத்தினாக் கத்துதுன்னு போட்டுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிருவேன்.”

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

“தேரன்னைக்கு வருவான். வடம் புடிச்சிட்டு எங்க சந்து முக்குல வந்து நிப்பான். நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாப்பேன். ஒரு எட்டு வந்தா என்னலேன்னு நான் நெனப்பேன். அக்கா கூப்பிடட்டும்னு அவன் நெனச்சிருப்பான். சீக்குன்னு கேள்விப்பட்டேன். கூப்பிட்டு விட்டா ஓடிருவோம்னு பொடவைய மாத்திக்கிட்டு உக்காந்திருந்த நாளு உண்டு.” பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். “கடசியில என்னையக் கேட்டானாட்டி?”

அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். போர்வையை விலக்கினால் போதும். வாய் திறக்கவே தேவையில்லை. ஆனால், “பேச்சு வரலையே அத்த” என்றேன்.

“ஆமா. பாவம், பேச்சு வரலைல்லா” என்று அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “செத்த தண்ணி குடுட்டி” என்றார். கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

அன்று மாலையே படத்தைச் சுவரிலிருந்து எடுத்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். இந்த ஒரு வருடத்தில் அத்தை பலமுறை வந்து போயிருக்கிறார். என் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிடுகிறார். அம்மாவோடு கோயிலுக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். கேட்டால் அவர் மனசு உடைந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். அது பொய். உடைந்து போவது என் மரியாதை என்பதுதான் என் பயம். அவர் என்னை இரண்டாம் முறையும் வெறுப்பாரே என்கிற பயம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவின் கையில் பென்சிலைக் கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு. ஏழு மாதமும் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு குரல் கொடுத்ததும் வந்து நின்ற நாங்கள் நாயனா என்று கூப்பிடும் எதிர்வீட்டுப் பெரியவருக்கும் அவர் மகனுக்கும். அப்பாவைத் தோளில் சுமந்த மில் நண்பர்களுக்கு. எல்லையிலிருந்து மூன்று நாள் ரயிலில் நின்றுகொண்டே வந்து, முகத்தைப் பார்க்க முடியாமல் போன தம்பிக்கு. ஒரு நாளும் முகம் சுளிக்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு. ஸ்டேட்டஸைப் பார்த்து அப்பாவின் படத்தைப் பாராட்டிய உங்கள் எல்லோருக்கும். நீங்கள் பாராட்டியது தப்பில்லை. உங்களுக்கு அந்தக் கேரியர் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்று நினைவு நாள் சாப்பாட்டுப் பந்தியில் முன்வரிசையில் அத்தை உட்கார்ந்திருப்பார். ஒரு வேண்டுகோள். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் இரக்கப்பட்டு இதை வாசித்துக் காட்டிவிடாதீர்கள். இது நான் செய்ய வேண்டிய வேலை. அப்பாவுக்கு எழுத்து போய்விட்டது, அத்தைக்கு எழுத்து வரவே இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது படம் மட்டும்தான். அதனால்தான் அட்டையில் போட்டோ போடவில்லை. அட்டையைப் பார்த்ததும் அத்தைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

முதல் பிரதியை நானே அவர் கையில் கொடுக்கப் போகிறேன். திட்டினாலும், அடித்தாலும், எழுந்து பஸ் ஏறிப் போய்விட்டாலும் பக்கத்திலேயே நிற்பேன். போன வருடமே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையைச் சொல்வேன்.

“அத்த, அப்பா ஒங்களக் கேட்டாக. நாலு தடவ கேட்டாக.”